தொட்டியில் பிழைத்த பத்து மீன்கள்

அளவுக்காரி என்றால் அந்தக் குளக்கரைகளில் எல்லோருக்கும் தெரியும். டீக்குச் சர்க்கரை போடும்போதுகூடக் கரண்டியின் தலையைத் தட்டிச் சமப்படுத்திவிட்டுத்தான் போடுவாள் என்று கேலி பேசுவார்கள். பேசட்டுமே. "எல்லாம் கண் திட்டம்தான்" என்று மார் தட்டியவர்கள் ஒரே கோடையில் குளத்தை வழித்துத் துடைத்துவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததை அவள் பார்த்தவள். தீவனமோ சுண்ணாம்போ மருந்தோ, எடை போடாமல் அவள் குளத்தில் ஒரு பிடி விழாது. குளங்களின் நீளமும் அகலமும் அவளுக்கு மனப்பாடம். ஆழம் பார்க்கக் கோடு கீறிய கம்பு ஒன்று கொட்டகைச் சுவரில் சாத்தியே இருக்கும்.

அவளுடைய பிழைப்பு மீன் விற்பதில் இல்லை, மீன் குஞ்சு விற்பதில் இருந்தது. அதற்குத் தாய் மீன்கள் வேண்டும். ஒவ்வொரு வருஷமும் வளர்ந்த மீன்களில் நோய் அண்டாததாக, சட்டென்று எடை கூடுவதாக, முட்டை நிறையத் தருவதாகப் பொறுக்கி, மற்றதையெல்லாம் கழித்து, அப்படிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் சலித்துச் சலித்து எடுத்த கூட்டம் அது. பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் சந்தையில் கிடைக்காது. மேல்குளத்தில் அவை மட்டும் தனியாக இருந்தன. உதடு கிழிந்தவள், ஒற்றைக் கண்ணி, சோம்பேறி என்று சிலதுக்குப் பெயர்கூட உண்டு. சோம்பேறி தீவனத்துக்குக் கடைசியாக வருவாள், ஆனால் வயிறு நிரம்பாமல் போகமாட்டாள்.

வீட்டுக்காரர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். கம்பெனி மூடின பிறகு குளத்து வேலைக்கே வந்துவிட்டார். வலை இழுப்பார், பம்பு பழுது பார்ப்பார், விடிகாலையில் அவளுக்கு முன்னே எழுந்து டீ போட்டு வைப்பார். நல்ல மனுஷன் என்றுதான் ஊர் சொல்லிற்று, அவளும் அப்படித்தான் சொன்னாள். ஒரே ஒரு குறை. வேனோட்டி என்று இருந்த பேர் போய், அவர் 'அளவுக்காரி வீட்டுக்காரர்' ஆகிவிட்டார். யாராவது அப்படிக் கூப்பிட்டால் சிரிப்பார். சிரிக்கிற வாய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யார் எட்டிப் பார்த்தார்கள்?

அந்த வருஷம் தாய் மீன்களுக்குப் பேன் பிடித்தது. மீன் பேன் என்பது தட்டையாக, கண்ணாடிச் சில்லு மாதிரி, செதிலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சுகிற சாதி. மீன்கள் அரிப்புத் தாங்காமல் தண்ணீர்க் குழாயில் உடம்பை உரசிக்கொண்டு கிடந்தன. அவள் வழக்கமான கடை மருந்தை வாங்கக் கிளம்பினாள். வீட்டுக்காரர் மறித்தார். கடை மருந்தெல்லாம் விஷம், சாப்பிடுகிறவன் உடம்பில் போய்ச் சேரும், தன்னிடம் ஒரு பச்சை மருந்து இருக்கிறது என்றார். வேலியில் படர்ந்திருந்த ஒரு கொடியின் வேர். இடித்து ஊறவைத்தால் பால் மாதிரி வெளுப்பாக இறங்கும். தோட்டக்காரச் சிநேகிதர் ஒருவர் அதைக் கத்திரிச் செடிக்குத் தெளிக்கிறாராம், புழு செத்ததாம், கத்திரிக்காய் சாகவில்லையாம்.

புழுவைக் கொல்கிறது மீனைக் கொல்லாது என்று யார் சொன்னார்கள் என்று அவள் கேட்டாள். "செடிதானேம்மா, செடி என்ன பண்ணிடும்?" என்றார். செடி என்ன பண்ணுமா? எட்டிக்காயும் கடையில் செய்ததில்லை, மரத்தில் காய்த்ததுதான். ஆனாலும் ரெண்டு வாரமாக இடித்து, வடிகட்டி, பாட்டில் பாட்டிலாக நிரப்பி வைத்திருந்த மனுஷன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு ஒரேயடியாக மறுக்க வாய் வரவில்லை. சரி, தொட்டியில் போட்டுப் பார்ப்போம் என்றாள்.

தொட்டி என்பது அவள் வைத்திருந்த சட்டம். எந்தப் புது மருந்தும் நேராகக் குளத்துக்குப் போகாது. கொட்டகையில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் பத்து மீனை விட்டு, குளத்தில் கலக்கப்போகும் அதே அளவில் மருந்தைக் கலந்து, ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்பாள். பத்தில் ஒன்று சுருண்டாலும் மருந்து குப்பைக்குத்தான். தொட்டியில் விடுகிற மீனுக்கு அடையாளமும் உண்டு. வயிற்றடியில் ஜோடியாக இருக்கிற துடுப்பில், இடப்பக்கத்துத் துடுப்பின் பாதியைக் கத்திரியால் நறுக்கிவிடுவாள். மருந்து பட்ட மீன் தவறிக்கூடச் சந்தைக்குப் போய்விடக் கூடாது பாருங்கள், அதற்காக.

அன்று சாயங்காலம் பத்து மீனுக்கும் அவளே துடுப்பு நறுக்கி, அவளே மருந்து அளந்து ஊற்றினாள். மறுநாள் விடியும்போது வீட்டுக்காரர் டீயோடு வந்து எழுப்பினார். "பத்தும் துள்ளுது. வந்து பாரு," என்றார். ஓடிப்போய்ப் பார்த்தாள். பத்தும் துள்ளிக்கொண்டுதான் இருந்தன. அவர் வேன் ஓட்டின காலத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது அவளுக்கும். அந்தப் பத்தையும் அள்ளிப் பின்பக்கத்துச் சின்னத் தொட்டியில் விடச் சொல்லிவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு மேல்குளத்துக்குப் போனாள். நாலு இடத்தில் ஆழம் பார்த்து, கணக்குப் போட்டு, மருந்தை அளந்து, தன் கையால் குளம் முழுக்க வீசி ஊற்றினாள்.

வெயில் ஏறுவதற்குள் முதல் மீன் மேலே வந்தது. உதடு கிழிந்தவள்தான். வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, குடித்தவன் மாதிரி வட்டமடித்து, பக்கவாட்டில் சாய்ந்தாள். அப்புறம் ஒன்று, அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியவில்லை. தண்ணீரில் காற்றுக்குக் குறைவில்லை, தண்ணீரை அடித்துக் காற்றேற்றுகிற சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் மீன்களால் மூச்சை எடுக்க முடியவில்லை. அவள் துணியோடு குளத்தில் குதித்து, கையில் அகப்பட்டதை அணைத்துத் தூக்கிக்கொண்டு வேறு தண்ணீருக்கு ஓடினாள். புதுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, பழைய தண்ணீர் போக மடையை எடுத்துவிடச் சொல்லிக் கத்தினாள். மடைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக நேரே பக்கத்துக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் குஞ்சுகள் மிதந்தன. சாயங்காலம் பார்த்தால், தாய் மீன்களில் ஏழோ எட்டோ மட்டும் வேறு தொட்டியில் சுரணையில்லாமல் கிடந்தன. சோம்பேறி பிழைத்திருந்தாள், பெயர் வைத்த மற்றதெல்லாம் போய்விட்டது.

செத்த மீன்களைக் கரையில் குவித்து வைத்துவிட்டு அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொட்டியில் பிழைத்தது குளத்தில் ஏன் சாக வேண்டும் என்று அவள் அரற்றிக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாக, அவள் தோளைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"கம்பு சேத்துல இறங்கிருச்சோ என்னமோ? நீ கவனிச்சியா?"

அவ்வளவுதான். அது வாளை எடுத்து வெட்டினது மாதிரி இருந்தது. குளத்தின் அடியில் சேறு இருக்கிறது. கம்பை அழுத்திப் பிடித்தால் சேற்றுக்குள் இறங்கும். இறங்கினால் ஆழம் கூடுதலாகக் காட்டும், ஆழம் கூடினால் தண்ணீர்க் கணக்கு கூடும், மருந்தும் கூடும். அவள் அந்தக் கம்பை எத்தனையோ வருஷமாகப் பிடிக்கிறவள், சேறு தொட்டவுடன் கை உணர்ந்துவிடும். ஆனால் செத்துக் கிடக்கிற மீன்களுக்கு முன்னால் எந்தக் கை தன்னை நம்பும்? இறங்கியிருக்கும் என்று நினைத்தாள். ராத்திரிக்குள் இறங்கினதாகவே ஞாபகம் வந்துவிட்டது.

பக்கத்துக் குளத்துக்காரனுக்கு முந்திரிக்கொட்டை என்று பேர். எதிலும் முந்திக்கொண்டு பேசுவான், சண்டைக்கும் முந்திக்கொண்டு வருவான். அவன் வருவதற்கு முன்னால் அவளே அவன் வீட்டுக்குப் போனாள். அங்கே குஞ்சு வாங்குகிற நாலைந்து பேரும் கூடியிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் நின்று, மருந்தில் தப்பில்லை, என் அளவு தப்பிப் போச்சு, என் கைதான் கொன்னுது என்று சொன்னாள். வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். முந்திரிக்கொட்டை எகிறத் தொடங்கியபோது, "விடுப்பா, அவளே நொந்து போயிருக்கா, வேணும்னா செஞ்சா?" என்று அவர்தான் கையைப் பிடித்துச் சமாதானம் பண்ணினார். பார்த்தவர்களெல்லாம் இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் அளக்கவில்லை. தராசைக் கண்டாலே கை நடுங்கிற்று. சோறு வடிக்கத் தண்ணீர் வைத்தாலும் போதுமா போதுமா என்று நாலு தரம் கேட்பாள். கையைக் கழுவுவாள், துடைப்பாள், மறுபடி கழுவுவாள். அவர் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுவார். நான் உன்னைக் குத்தம் சொல்லலையே, நான் மன்னிச்சுட்டேனே, அப்புறம் என்ன என்பார். சொந்தக்காரர்கள் போனில் கேட்டால், அவளிடம் ஒன்றும் பேசாதீங்க என்று இவரே தடுத்துப் பேசுவார். கடைசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அளவு போன கைக்குக் குளம் எதற்கு? மிச்சமிருந்த தாய் மீன்களோடு குளங்களை முந்திரிக்கொட்டைக்கே குத்தகைக்கு விட்டுவிடுவது. வேண்டாம் என்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, உன் இஷ்டம் என்றார்.

அவன் வந்து குளத்தை வாங்கிக்கொள்வதற்கு முந்தின நாள், அவள் கொட்டகையை ஒழித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கத்துச் சின்னத் தொட்டியில் அந்தப் பத்து மீன்களும் இருந்தன. கைவலையில் ஒன்றை அள்ளினாள். எந்த மீனை எடுத்தாலும் வயிற்றைப் புரட்டிப் பார்ப்பது அவள் பழக்கம். புரட்டினாள். இடத் துடுப்பு முழுசாக இருந்தது. வலத் துடுப்புதான் பாதியாக இருந்தது.

அடுத்ததை எடுத்தாள். அதுவும் வலது. பத்தும் வலது.

முதலில் அவள் அழுதாள். ஏன் தெரியுமா? இடது வலதுகூடத் தெரியாமல் நறுக்கியிருக்கிறேனே, அன்றைக்கே என் புத்தி பிசகிவிட்டதே என்று. பாவி மகள், தன் கையை அவ்வளவு தூரம் வெறுத்துப் போயிருந்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு மீனைத் துடுப்பு நறுக்குகிற மாதிரி பிடித்துப் பார்த்தாள். தலை தன் பக்கம், வயிறு மேலே. கத்திரி பிடித்த கை தானாகப் போய் இடது துடுப்பில் நின்றது. திரும்பத் திரும்பப் பிடித்தாள். கை மாறவில்லை. புத்தி பிசகினாலும் பிசகும், இத்தனை வருஷப் பழக்கத்தைக் கை எப்படி மறக்கும்? இந்த மீன்களை நறுக்கினது அவள் இல்லை.

அப்படி இருக்காது, இருக்கவே கூடாது என்று சொல்லிக்கொண்டே எழுந்து, வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் பம்புக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குளத்தில் பிடித்த புது மீன் ஒன்றையும் கத்திரியையும் அவரிடம் நீட்டினாள். எனக்குக் கை நடுங்குகிறது, இதுக்கு மட்டும் துடுப்பு நறுக்கிக் கொடுங்க, இடப்பக்கம் என்றாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அவர் மீனை வாங்கினார். வால் தன் பக்கம், தலை அந்தப் பக்கம், வயிறு மேலே. தன் கைக்கு எது இடதோ அந்தத் துடுப்பை நறுக்கினார். மீனை அப்படிப் பிடித்தால் அது மீனுக்கு வலது.

அவள் சின்னத் தொட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்து, வயிற்றைப் புரட்டி, அவர் கையில் இருந்த மீனுக்குப் பக்கத்தில் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார். இதைப் பார்த்தார். கையிலிருந்த மீன் துள்ளிக் கீழே விழுந்து சிமெண்டுத் தரையில் அடித்துக்கொண்டது. அதை எடுத்துத் தண்ணீரில் விடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவள்தான் எடுத்து விட்டாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இத்தனை நாள் எங்கே போயிற்றோ அந்தக் குறுகுறுப்பு, அப்போது மொத்தமாக வந்தது. தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்கு விடிகாலையில் வந்து பார்த்தபோது பத்தும் செத்து மல்லாந்து கிடந்தனவாம். தொட்டி சின்னது, நெரிசல், அதனால்தான் செத்தது, பெரிய குளத்தில் ஒன்றும் ஆகாது என்று தோன்றியதாம். செத்ததைப் புதைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரை மாற்றி, வேறு பத்து மீனைப் பிடித்து, துடுப்பை நறுக்கி விட்டுவிட்டு டீ போடப் போனாராம்.

"எல்லாத்துலயும் நீ சொன்னதுதான் நடக்குது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பேச்சும் எடுபடட்டும்னு நெனச்சேன்," என்றார்.

அதை அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. அதுதான் கொடுமை. ஒரு நொடி அவர்மேல் பரிதாபம்கூட வந்தது. ஆனால் அதற்குள் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"சரி. மீன் செத்துச்சு. கம்பு சேத்துல இறங்கிருச்சான்னு எங்கிட்ட கேட்டீங்களே, அது எதுக்கு?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏன் ஏன்னு பொலம்பிட்டே இருந்தே. ஒரு காரணம் கெடைச்சா உன் மனசு ஆறும்னுதான்..."

கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவரோ, கிள்ளினது நீதான் என்று பெற்றவளையே நம்பவைத்துவிட்டு, அப்புறம் அவளை மன்னிக்கவும் மன்னித்தார். அவள் நாலு பேர் முன்னால் நின்று என் கைதான் கொன்றது என்று சொன்னபோது பக்கத்தில் நின்ற மனுஷன். அழுது அழுது கழுவின கைக்குத் தண்ணீர் ஊற்றின மனுஷன். மீன் செத்ததை அவள் என்றைக்காவது ஆற்றிக்கொண்டிருப்பாள். இந்தத் தண்ணீர் ஊற்றினதை எங்கே கொண்டுபோய் ஆற்றுவது?

நாளைக்கு முந்திரிக்கொட்டை வரும்போது நீங்களே அவனிடம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள் என்று அவள் கேட்டாள். கத்தவில்லை, கெஞ்சலாகத்தான் கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் உண்மையான பயம் இருந்தது.

"இப்ப எதுக்கு அதைக் கிளறணும்? ஊர் மறந்து போச்சு. உனக்குப் பேர் போனது போனதுதான். எனக்கும் சேர்ந்து போகணுமா?"

அவள் தோள்பட்டையில் யாரோ பாறையை இறக்கி வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். இருந்தாலும் மனசின் ஒரு மூலை, காலையில் அவர் சொல்லிவிடுவார் என்று நம்பிக்கொண்டேதான் இருந்தது. கூடவே இருந்து பழகின மனசு, அத்தனை சீக்கிரம் திருந்துமா?

காலையில் முந்திரிக்கொட்டை ரெண்டு ஆட்களோடு, வலையும் டிரம்முமாக வந்து இறங்கினான். வந்த வேகத்திலேயே எந்தக் குளத்தில் முதலில் இறங்கலாம் என்று பேசத் தொடங்கிவிட்டான். அவள் மேல்குளத்துக் கரையில் நின்று, குளத்தைக் கொடுப்பதாக இல்லை என்றாள்.

"என்னக்கா, வண்டி வெச்சு வந்திருக்கேன். திடீர்னு இப்படிச் சொன்னா எப்படி? என்ன ஆச்சு?"

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். ஆட்களும் பார்த்தார்கள். தன் மனசில் இருந்த கடைசிச் சொட்டு நம்பிக்கையையும் திரட்டி வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார். முந்திரிக்கொட்டையின் தோளில் கையைப் போட்டு, ஓரமாக நகர்த்திக்கொண்டு போகிற மாதிரி இரண்டு அடி வைத்தார்.

"ஒண்ணும் இல்லப்பா. அவளுக்கு மனசு சரியில்ல. நாலு நாள் போகட்டும், நான் பேசிக்கிறேன்."

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அவளுக்கும் கேட்டது.

அதற்கு மேல் அவள் காத்திருக்கவில்லை. தொட்டியில் பத்தும் செத்தது, இவர் மாற்றி வைத்தது, துடுப்பு நறுக்கினது, கம்பு சேற்றில் இறங்கியதாகத் தன் தலையில் ஏற்றினது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல், வரிசை மாறாமல், குரல் உயராமல் சொன்னாள். அவன் குளத்துக் குஞ்சுகள் செத்ததும் அந்தத் தண்ணீரால்தான், அதற்கு உண்டானதைத் தானே செய்கிறேன் என்றாள். "என் அளவு தப்பல. அன்னிக்கு உங்க எல்லார் முன்னாடியும் நான் சொன்னதுதான் தப்பு," என்றாள்.

எதற்கும் முந்திக்கொண்டு பேசுகிற அவன் "மாமா?" என்று மட்டும் கேட்டான். மாமா அவன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆட்கள் வலையைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்கள். முந்திரிக்கொட்டை போகாமல் அவள் பக்கத்திலேயே நின்றான். ஏழெட்டுத் தாய் மீனை வைத்துக்கொண்டு இனி என்ன பண்ணப் போறே அக்கா என்று கேட்டான்.

"குளத்தைப் பத்திக் கவலை ஒண்ணும் இல்லப்பா. சோம்பேறி இருக்கா, இன்னும் சிலதுங்க இருக்கு. வருஷமானாலும் மறுபடி எடுத்துருவேன்," என்றாள். வீட்டுக் கதவைப் பார்த்தபடியே நின்றாள். "இப்ப உள்ள போயி அந்த மனுஷன் எதிர்ல எப்படி உக்காருவேன்னுதான் தெரியல."